மேகத்தில் மாட்டிக்கொண்ட மச்சான்

போன வியாழக்கிழமை சாயங்காலம் மாமல்லபுரம் கடற்கரையில் பட்டுவேட்டி கட்டிய ஒரு மனிதர், செல்போனை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்தபடி அங்குமிங்கும் ஓடியதை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து அங்கிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்த நினைப்பு முழுக்கத் தப்பில்லை. அந்த மனிதர் நான்தான்.

விஷயம் இதுதான். என் மனைவியின் தம்பி குமார், மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஒரே மகள் தீபிகா. கடலோர ரிசார்ட் ஒன்றில் வியாழன் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். எல்லாம் ஜோராகத்தான் போய்க்கொண்டிருந்தது... மாப்பிள்ளை வீட்டார் பார்த்து அசர வேண்டும் என்று குமார் தானே ஏணியில் ஏறி சீரியல் லைட் கட்டும் வரை.

தொடை எலும்பு. செங்கல்பட்டில் ஆஸ்பத்திரி. ரிசப்ஷன் அன்றைக்கு மத்தியானம் ஆபரேஷன்.

"கல்யாணத்த தள்ளி வச்சீங்கன்னா நான் ஆபரேஷன தள்ளி வச்சிடுவேன்" என்று படுத்தபடியே மிரட்டிவிட்டான். அப்புறம் வீடியோக்காரரை வரவழைத்து, மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் சொல்ல வேண்டியதைக் கட்டிலில் இருந்தே பேசிப் பதிவு செய்தான். வீடியோக்காரர் அதில் தீபிகாவின் சின்ன வயசுப் படங்களைச் சேர்த்து, இசை கோத்து, க்ளவுடில் ஏற்றி, லிங்க் அனுப்பிவிட்டார்.

தீபிகாவும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "அப்பா பேசி முடிச்சப்புறந்தான் மாலை மாத்துவேன்."

மேடைக்குப் பின்னால் இருந்த பெரிய திரையில் அதை ஓடவைக்கும் பொறுப்பு எனக்கு. ஏன் எனக்கு? "அவர் பத்திரிகையில எழுதுறாரு, அவருக்குத் தெரியாததா?" தவில் வாசிப்பவரிடம் டயருக்கு பஞ்சர் ஒட்டச் சொல்வது மாதிரியான தர்க்கம். ஆனால் யாராவது நம்மை நம்பும்போது தர்க்கமா பார்க்கிறோம்?

படூரில் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அந்த வீடியோவை நான் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். டவுன்லோடு? செய்யவில்லை. அது க்ளவுடில் பத்திரமாக இருக்கிறதே, எங்கே ஓடிவிடப் போகிறது?

விருந்தினர் வர ஆரம்பித்த நேரத்தில் டவுன்லோடை அழுத்தினேன். சக்கரம் சுற்றியது. 'ஸாரி' என்று ஏதோ வந்தது. மூடிவிட்டு மறுபடி அழுத்தினேன். மறுபடி ஸாரி. இவ்வளவு பணிவாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இவ்வளவு பிடிவாதமாக இருப்பவரை நான் என் வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

ரிசார்ட்டின் வைஃபை சரியில்லை என்றேன். மொபைல் டேட்டாவுக்கு மாறினேன். பிரவுசரை மாற்றினேன். கேஷை அழித்தேன். கேஷ் என்றால் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் எந்தக் கோளாறுக்கும் அதை அழிக்கச் சொல்கிறார்களே. போனை அணைத்து உயிர்ப்பித்தேன். கடைசியாகத்தான் கடற்கரை ஓட்டம்.

"இன்னா சார், பொண்ணோட அப்பா வருவாரா மாட்டாரா?" என்றார் திரையை இயக்கும் லோகு. நீலத்திரை வெறுமனே மின்னிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள். அதைவிடக் கைக்கடிகாரம் தேவலை.

"மாமா, ஆச்சா?" தீபிகா மணப்பெண் அறையிலிருந்து தலையை நீட்டினாள்.

"ஆச்சு கண்ணு, கொஞ்சம் சிக்னல்தான்..."

வீடியோக்காரருக்குப் போன் போட்டேன். "ஐயோ சார், நான் மதுராந்தகத்துல வேற ஃபங்ஷன்ல கீறேன். சிஸ்டம் கடையில கீது. கடைய பூட்டிட்டேனே" என்றார். "ஸ்க்ரீன்ல இன்னா காட்டுதுன்னு படிங்க."

"ஸாரின்னு காட்டுது."

"அதுக்கு அப்பால?"

அதற்கு அப்பால்? தலையணை கனத்துக்கு நாவல்கள் படிக்கிறேன். அடிக்குறிப்புகளைக்கூட விடுவதில்லை. ஆனால் ஸாரிக்கு அப்பால் இருந்த இரண்டு வரியை அதுவரை படிக்கவே இல்லை. படித்தேன். 'இந்தக் கோப்பை மிக அதிகமானோர் பார்த்துவிட்டார்கள். பிறகு முயலுங்கள். ஒரு நாள் வரை ஆகலாம்.'

ஒரு நாளா? அதற்குள் தாலியே கட்டி, மறுவீட்டுக்கே கிளம்பியிருப்பார்களே.

யார் அந்த மிக அதிகமானோர்? என் மனைவிதான் கண்டுபிடித்தாள். காலையில் குமார் ஆபரேஷனுக்குப் போவதற்கு முன், ஏகப்பட்ட பெருமையோடு அந்த லிங்க்கை எல்லா குரூப்புக்கும் தட்டிவிட்டிருக்கிறான். பங்காளிகள் குரூப், தெருக்காரர்கள் குரூப், கூடப் படித்தவர்கள் குரூப், கம்பெனி பஸ் குரூப். நம் ஆட்கள் பாசக்காரர்கள் அல்லவா? பார்த்து, அழுது, மறுபடி பார்த்து... அன்பாலேயே ஒரு சர்வரைச் சாய்த்துவிட்டார்கள்.

"உன் தம்பிக்கு அறிவு இருக்கா?" என்றேன்.

"உங்க இலக்கிய வட்டம் குரூப்ல இது எப்படிப் போச்சு?" என்றாள், போனைக் காட்டி.

அவசரமாகக் குடும்ப குரூப்பைத் திறந்தேன்.

'யாராவது டவுன்லோடு செய்து வைத்திருக்கிறீர்களா?' என்று அதில் கேட்டேன். கட்டைவிரல்கள் வந்தன. கூப்பிய கைகள் வந்தன. 'மணமக்கள் பல்லாண்டு வாழ்க' வந்தது. வீடியோ வரவில்லை. எல்லாரும் என்னைப் போலவே க்ளவுடை நம்பியவர்கள்.

நம் க்ளவுட் கணக்கிலேயே ஒரு பிரதி எடுத்துக்கொண்டால் சில சமயம் வேலை செய்யும் என்று வீடியோக்காரர் சொல்லியிருந்தார். என் கணக்கில் இடமில்லை. பல வருஷத்து 'இனிய காலை வணக்கம்' படங்களை அழித்தேன். போதவில்லை. பட்டிமன்றங்களில் நான் பேசிய பேச்சுகளின் பதிவுகளை அழித்தேன். நிறைய இடம் கிடைத்தது. தமிழுக்கும் லேசாக இருந்திருக்கும். பிரதி எடுக்கப் போனேன்.

ஸாரி.

தீபிகா மாலையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "பரவால்ல மாமா" என்றாள். அதற்கு அவள் அழுதிருக்கலாம்.

அந்த நேரத்தில் வாசலில் பெரிய ஹாரன். ஷிஃப்ட் முடித்து, திருக்கழுக்குன்றம் வழியாக வந்த கம்பெனி பஸ். யூனிஃபார்மோடு பாதிப் பேர், சட்டை மாற்றிக்கொண்டு பாதிப் பேர் இறங்கினார்கள். முதலில் வந்தவர் ஏழுமலை. பஸ்ஸில் வருஷக்கணக்காகக் குமாருக்குப் பக்கத்து சீட். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இன்னா சார், இப்டி பேசிட்டான் குமாரு? வர்ற வழியெல்லாம் பஸ்ஸே அழுதுகினு வந்துச்சி" என்றார்.

"எதைப் பார்த்து?"

"வீடியோவத்தான். காலையில லிங்க் வந்த கையோட எறக்கி பென்டிரைவ்ல ஏத்திகினு, போன்ல இருந்தத அழிச்சிட்டேன். ரோட்டுல சிக்னல் நிக்காது சார், நாங்க பஸ் டி.வி.ல எதப் போட்டாலும் பென்டிரைவ்தான்."

"அது இப்போ எங்கே?"

"டி.வி.லதான் சொருகிக் கீது."

பஸ்? திரும்பிப் பார்த்தால், பார்க்கிங் தேடி ஈ.சி.ஆர். ரோட்டுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

என் வயதில் ஓடக் கூடாது. பட்டுவேட்டியில் ஓடவே கூடாது. ஓடினேன். ஏழுமலை எனக்கு முன்னால், "டிரைவரண்ணே, நிறுத்து" என்று கத்திக்கொண்டே ஓடினார். எங்களுக்குப் பின்னால், காரணமே தெரியாமல், சாக்லேட் நிற கோட்டோடு மாப்பிள்ளை. அந்த நிமிஷமே எனக்கு அந்தப் பையனைப் பிடித்துப்போய்விட்டது.

லோகு பென்டிரைவைச் செருகினார். முதலில் ஒரு குத்துப்பாட்டு இரண்டு அடி அடித்து ஓய்ந்தது. பிறகு குமார், மண்டபச் சுவர் அளவுக்கு, தலையணையில் சாய்ந்தபடி.

"நான் வரலன்னு யாரும் மூஞ்சத் தூக்கி வச்சிக்காதீங்க. சாப்ட்டுதான் போவணும்." சிரிப்பு. "மாப்ள, ஒரே ஒரு விஷயம். தீபு காலையில டீ குடிக்கிற வரைக்கும் பேச மாட்டா. கோவம்னு நெனச்சிக்காதீங்க. எதிர்ல சும்மா குந்திகினு இருங்க. நான் இத்தினி வருஷமா அப்டித்தான் குந்திகினு இருந்தேன். அதான் எங்களுக்குள்ள பேச்சு."

தீபிகா சிரித்தாள். மை கரைந்து வழிந்தது. மாலை மாற்றினார்கள். பஸ்காரர்கள் போட்ட விசிலில் கடல் சத்தம் கேட்கவில்லை.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். குமார் மயக்கம் தெளிந்து, காலில் கட்டோடு, தெம்பாகவே இருந்தான். ரிசப்ஷன் வீடியோ லிங்க் அப்போதுதான் அவன் போனுக்கு வந்திருந்தது.

"குமாரு, உனக்குப் புண்ணியமாப் போகும். இதையாவது யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணாதே" என்றேன்.

"பஸ் குரூப்புக்கு மட்டும் அனுப்பிட்டேன் மாமா" என்றான். "ஒரு சேஃப்டிக்கு."