ஈர்க்கால் பிழைத்த போன்

மூன்று நாளாக என் போனில் சார்ஜ் ஒழுங்காக ஏறவில்லை. இன்று காலை மானிப்பாயில் ஒரு போன் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் ஒருதரம் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, வயர் செருகிற இடம் பழுதாப் போச்சு. பழைய போன்தானே, புதுசொண்டு எடுங்கோவன்."

"தம்பி, நானும் பழசுதான். என்னையும் மாத்தச் சொல்லுவீரோ?"

சிரித்தார். ஆனால் துளைக்குள் ஒரு ரோச் வெளிச்சம் அடித்துப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

வீட்டுக்கு வந்து போனை ஓஃப் பண்ணினேன். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, நுனியைச் சீவி, அந்தத் துளைக்குள் மெதுவாகக் கிண்டினேன். சின்ன உருண்டையாகப் பஞ்சு வந்தது. வயரைச் செருகினேன், சார்ஜ் ஏறியது. இதை எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் போனைப் பார்க்கவில்லை, பஞ்சைத்தான் பார்த்தாள். சிவப்புப் பஞ்சு.

"இஞ்சருங்கோ, உது உங்கடை சேட்டுப் பொக்கெற்றுப் பஞ்செல்லோ?"

சுன்னாகத்தில் குவித்து விற்கும் வெளிநாட்டுப் பழைய உடுப்புகளுக்குள் நான் தேடி எடுத்த சிவப்புக் கம்பளிச் சேட்டு அது. கனடாக் குளிருக்குத் தைத்தது. போனை அதன் பொக்கெற்றில்தான் வைப்பேன். வாங்கிவந்த நாளிலிருந்தே அதை அடுப்படிப் பிடிதுணியாக்க அவள் கண் வைத்திருக்கிறாள்.

"இனியாவது தாங்கோவன்."

"போனும் பழுதில்லை, சேட்டும் பழுதில்லை" என்றேன்.

சேட்டைக் கைவிடச் சொல்லும் யோசனைகள் எனக்கு வேண்டாம். பொக்கெற்றில் பஞ்சு உதிராமலிருக்க வழி தெரிந்தவர்கள் மட்டும் கீழே எழுதுங்கள். கொஞ்சம் கெதியாக எழுதுங்கள், அவள் கத்தரிக்கோலோடு நிற்கிறாள்.