அறுந்து போகாத வெல்லப் பாகு

ஐம்பதுகளின் நடுவில் ஓசூரில் எங்கள் வாசகசாலை ஒரு பழைய மாங்காய்க் கிடங்கில் நடந்தது. ரயில் பெட்டியைப் போல் ஒடுக்கமான நீளக் கட்டடம். சுவரோரமாக ஒரே வரிசையில்தான் உட்கார முடியும்.

தாலுகா அலுவலகக் குமாஸ்தாவான நான் அதன் செயலாளர். நான் ஒருவன் மட்டுமே படித்துவந்த ஆங்கில அறிவியல் மாத இதழை நிறுத்திவிட்டுக் குஸ்திப் பத்திரிகை வரவழைக்கத் தலைவர் எண்ணினார். அவருக்கு வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு.

"அதுல இருக்கறத எங்களுக்குப் புரியற மாதிரி ஒரு தடவ சொல்லுங்க, குமாஸ்தா. புரியலன்னா குஸ்திதான்."

ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி. வானத்தில் வாயு நீண்ட இழைகளாகக் கிடப்பதைச் சொன்னேன். இழையில் ஓரிடம் சற்றே அடர்ந்தால் அது பக்கத்து வாயுவை ஈர்க்கும். சேரச் சேர ஈர்ப்பு கூடும். கடைசியில் இழை தனித்தனித் திரள்களாக உடையும். திரள் சுருங்கிச் சூடேறி நட்சத்திரமாகும்.

இழை உடைவதைக் கண்முன் காட்ட, மனைவி காய்ச்சித் தந்த வெல்லப் பாகை ஏணிமேல் நின்று ஊற்றினேன். மெல்லிய இழை பாதி வழியில் முத்து முத்தாக உடைய வேண்டும். உடையவில்லை. நூல்போல் தரைவரை இறங்கிச் சுருண்டு படுத்தது. நல்ல கம்பிப் பதம்.

தூரத்தில் இருந்தவர்களுக்கு அதுவும் தெரியவில்லை. "ஏமி செப்தாடு?" என்று நான் சொல்வது என்னவெனத் தெலுங்கில் ஒருவர் கேட்க, துணிக்கடைக்காரர் தெலுங்கிலேயே விளக்கத் தொடங்கினார். அவரை நோக்கி இருவர் நகர்ந்தார்கள். இருவர் கூடிய இடத்தில் ஏதோ இருக்கிறது என்று நால்வர் நகர்ந்தார்கள். கன்னடக்காரர்கள் பஸ் கண்டக்டரைச் சூழ்ந்தார்கள், தமிழர்கள் தலைவரை. ஒவ்வொரு கூட்டத்திலும் வாக்குவாதம் சூடேறியது. இடையில் வெறும் பாய்.

"யாரும் அசையாதீங்க!" என்று ஏணியிலிருந்து கத்தினேன்.

"பாம்பா?" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க! நீங்கதான் அந்த இழை. வரிசையா இருந்தீங்க, இப்ப மூணு திரளா உடைஞ்சிட்டீங்க. இப்படித்தான் நட்சத்திரம் பொறக்குது!"

தலைவர் இருபுறமும் பார்த்தார். "சரி, இதுல எது பெரிய நட்சத்திரம்?"

எண்ணினேன். பொய் சொல்ல வரவில்லை. "துணிக்கடைக்காரர்கிட்ட பதினொண்ணு. உங்ககிட்ட பத்துங்க."

"டேய், நீங்க ரெண்டு பேரும் இங்க வாங்கடா!"

அவர் தோப்பில் வேலை செய்த இருவர், தெலுங்கைத் தவிர வேறு அறியாதவர்கள், எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"இப்ப எண்ணுங்க."

"நீங்கதாங்க பெருசு. பெரிய திரள் சின்னதுகிட்டருந்து இழுத்துக்கறதும் உண்டுங்க."

"புரியுது, புரியுது," என்றார் தலைவர். "பத்திரிகை வரட்டும்."

வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்ட முதல் கேள்வி, "ஏங்க, பாகு எங்கனா அறுந்துச்சா?"

"அறுந்து போகவே இல்ல."

"பின்ன? காய்ச்சுனது யாரு!" என்று பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள்.