முழுக்கைச் சேட்டுப் போட்ட கதாநாயகன்

என் கணவர் புத்தகம் வாசிக்கிற ஆள் இல்லை. உழவு இயந்திரம் திருத்துகிறவர். வன்னியில், விசுவமடுவில் எங்கள் வளவுக்குள்ளேயே பட்டறை. அந்த மனிதர் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலைக்குப் போகாமல், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் எழுதிய காதல் நாவலோடு கதிரையில் சாய்ந்தபோதே ஏதோ வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நாவல் அப்படியொன்றும் பெரிய சங்கதி இல்லை. சாபத்தால் மிருகமாகிப்போன இளவரசனை ஒரு பெண்ணின் அன்பு மீட்கிற பழைய கதை இருக்கிறதல்லவா, அதைக் கொண்டுபோய் கோடம்பாக்கத்தில் இறக்கிவிட்டிருந்தேன். என் இளவரசன் ஒரு நடிகன். படப்பிடிப்பில் நடந்த தீ விபத்தில் முதுகு வெந்துபோக, எந்நேரமும் முழுக்கைச் சேட்டோடு பெரிய வீடொன்றுக்குள் ஒளிந்து வாழ்கிறான். அவனுக்கு உடுப்புத் தைக்க வருகிறவள் கதாநாயகி. சென்னையை நான் கண்ணால் கண்டதில்லை. தொலைக்காட்சியில் பார்த்தது பாதி, என் புளுகு பாதி. அதையும் நம்பி அங்கே ஒரு பதிப்பகம் அச்சடித்து அனுப்பியிருந்தது.

அவர் பாதிப் புத்தகத்தில் நின்றுவிட்டார். பக்கத்தின் மூலையை மடித்துவிட்டு என்னைப் பார்த்தார். பட்டறையில் ஸ்பானர் காணாமல் போனால் வேலையாட்களைப் பார்ப்பாரே, அதே பார்வை.

"இவன் ஏன் நித்திரைக்கும் சேட்டைக் கழட்டாமல் படுக்கிறான்?"

"வெக்கம்," என்றேன்.

"வெக்கையிலை அவிஞ்சுகொண்டு, நித்திரையிலையும் ஒரு கையாலை கொலரைப் பிடிச்சபடி கிடப்பான் எண்டு எழுதியிருக்கிறீர். உது ஆரையோ பக்கத்திலை இருந்து பாத்து எழுதினமாதிரியெல்லோ கிடக்கு."

அடுப்பில் கறி கிடக்கிறதென்று நான் குசினிக்குள் போய்விட்டேன். அதுதான் பிழையாய்ப் போயிற்று.

அதற்குப் பிறகு ஊரில் முழுக்கைச் சேட்டுப் போட்ட ஆண்கள் அத்தனை பேரும் அவருக்குச் சந்தேகநபர்கள். கோயில் ஐயர் மட்டும் தப்பினார். அவர் சேட்டே போடுவதில்லை. கடைக்குப் போய் வர ஏன் இவ்வளவு நேரம், தொலைபேசியில் யார் என்று கேள்விகள் வரத் தொடங்கின. கேட்காத நேரங்களில் மூலை மடித்த அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்ப வாசித்தார். எனக்கு அதைப் பார்த்துத்தான் பயம் வந்தது. பதின்மூன்று வருடக் குடும்பம், ஒரு நாவலால் கவிழப்போகிறதா?

மகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க வருகிற மாஸ்டர் எப்போதும் முழுக்கைச் சேட்டுத்தான். ஒரு பின்னேரம் பாடம் முடிந்ததும் இவர் தேனொழுகக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், சரியான வெக்கை. எங்கட கிணறு நல்ல குளிர். ஒருக்கா முழுகிட்டுப் போங்கோவன்."

அந்த அப்பாவி மனிதர் சந்தோஷமாகச் சேட்டைக் கழற்றி, இவருடைய சாரத்தைக் கட்டிக்கொண்டு வாளியைப் பிடித்தார். இவர் கிணற்றைச் சுற்றிச் சுற்றி நடந்தார். மாஸ்டரின் முதுகு குழந்தைப்பிள்ளையின் முதுகு மாதிரி. ஒரு கீறல் இல்லை. குசினி யன்னலால் பார்த்த எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, ஒரு மனிதனைக் குளிக்கவைத்து முதுகு பார்க்கிறாரே என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கோபம். தாங்க முடியாத கோபம்.

மாஸ்டர் போனதும் கிணற்றடிக்கே போனேன்.

"உங்களுக்கு ஆள் ஆரெண்டு தெரியவேணும், அவ்வளவுதானே? என்ரை அண்ணா."

என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். கடைசிச் சண்டையின்போது வன்னியில் இருக்கவில்லை. சண்டை முடிந்ததும் எங்களை அடைத்துவைத்த முகாமிலிருந்து அண்ணாவை ஆமி கூட்டிக்கொண்டு போனது தெரியும், மிச்சம் தெரியாது. சொன்னேன். கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த இடத்தில் விழுந்த செல் குண்டு, அண்ணாவின் முதுகைக் கிழித்தது. முகாமில் உடம்பில் காயம் இருந்த பெடியன்களை எல்லாம் இயக்கப் போராளிகள் என்றுதான் பார்த்தார்கள். கஞ்சிப் பானையடியில் பட்ட காயம் என்றால் யார் நம்பப்போகிறார்கள்? அதனால் அண்ணா சேட்டைக் கழற்றவே இல்லை. ஒரே தறப்பாள் கூடாரத்துக்குள் அம்மாவும் நானும் அவனும் ஒட்டிக்கொண்டு படுத்தோம். நித்திரையிலும் அவன் கை கொலரில்தான் இருந்தது. ஒரு நாள் குளிக்கிற இடத்தில் ஈரச் சேட்டு முதுகோடு ஒட்டிக் காட்டிக்கொடுத்துவிட்டது. விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். இன்னும் விசாரித்து முடியவில்லை.

"இதை ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

"கலியாணம் பேசேக்கை உங்கட ஆக்கள் முதல் விசாரிச்சதே அதைத்தானே. தமையன் இயக்கமோ எண்டு. காயத்தைச் சொல்லியிருந்தால் நீங்களும் அதைத்தான் கேட்டிருப்பியள்."

 அவர் மாஸ்டர் விட்டுப்போன ஈரச் சாரத்தைப் பிழிந்து கொடியில் போட்டார். பிறகு உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்தார், ஆனால் திறக்கவில்லை.

"கடைசியிலையெண்டாலும் கழட்டுறானோ?"

"ஓம். படப்பிடிப்புக்கு நடுவிலை, அவ்வளவு சனத்துக்கு முன்னாலை."

"பிறகு?"

"ஒருத்தரும் அவனை ஒண்டும் கேக்கேல்லை," என்றேன்.