பெரம்பலூர் லைனில் ஒரு குறுக்கெழுத்து

யுத்தம் முடிந்த மறு வருஷம் அரியலூர் தபால் தந்தி ஆபீஸில் தந்தி அடிக்கும் சிக்னலராகச் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. தெற்கே கடலோரத்து ஊர்க்காரன். அப்பா இல்லை, அம்மா அண்ணன் வீட்டில் இருந்தாள். அரியலூரில் எனக்குத் தெரிந்தவர் என்று ஒருவரும் கிடையாது. ஒரு வீட்டின் பின்கட்டில் அறை, காபி கிளப்பில் சாப்பாடு. பரிமாறுகிறவரிடம் "போதும்" என்பேன். தண்ணீர் வந்ததா என்று வீட்டுக்காரம்மா கேட்டால் "வந்ததுங்க" என்பேன். தந்தி கொடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் சாவுச் செய்தியோடு வருவார்கள். அவர்களிடம் எழுத்தைச் சரிபார்ப்பதைத் தவிர வேறு என்ன பேசுவது? சில நாட்களில் படுக்கப் போகும்போது என் குரல் எனக்கே மறந்துபோனது போல இருக்கும்.

காலை ரயிலில் பத்திரிகை வரும். நாலாம் பக்கத்தின் அடியில் ஒரு குறுக்கெழுத்துப் புதிர் போடுவார்கள். விடை மறுநாள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் தந்தி வேலை ஓய்ந்துவிடும். அப்போது பென்சிலை எடுத்து உட்காருவேன். ஒரு நாள் "கலப்பையின் இரும்பு முனை" என்று குறிப்பு. இரண்டு கட்டம். எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் கடிதம் பிரித்துக்கொண்டிருந்த தபால்காரரைக் கேட்டிருந்தால் தலையைத் திருப்பாமலே சொல்லியிருப்பார். அந்த ஊரில் அதைத் தெரியாதவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதனாலேயே கேட்க வெட்கமாக இருந்தது.

எங்கள் ஆபீஸிலிருந்து பெரம்பலூருக்கு ஒரு லைன் உண்டு. இங்கே தந்திக் கருவியின் சாவியைத் தட்டினால் அங்கே பித்தளைக் கருவி டக்டக்கென்று சத்தம் போடும்; அந்தச் சத்தத்தை எழுத்தாகக் கேட்டுக்கொள்வோம். லைன் சும்மா இருக்கும்போது சிக்னலர்கள் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வது எல்லா ஊரிலும் நடப்பதுதான். பெரம்பலூர்க்காரரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் கைப்பழக்கம் எனக்குத் தெரியும். வேகமான, சுத்தமான கை. ஒரு எழுத்து இன்னொன்றோடு ஒட்டாது. அன்றைக்கு அவரிடம் கேட்டேன். தந்தியில் தமிழ் எழுத்து கிடையாது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் தட்ட வேண்டும். பதில் உடனே வந்தது: கொழு. அதன் பின்னாலேயே, உங்கள் ஊரில் உழவு கிடையாதா என்று ஒரு கேள்வியும் வந்தது. கடல்தான் உண்டு என்றேன். அப்படியானால் கடல் வார்த்தை வந்தால் நான் உங்களைக் கேட்கிறேன் என்றார்.

அதே பத்திரிகை அவருக்கும் பஸ்ஸில் போய்ச் சேரும். மறுநாளிலிருந்து இரண்டு மணியானால் இருவரும் ஒரே கட்டத்தின் முன்னால் உட்கார்ந்தோம். அவருக்கு ஜெயங்கொண்டம் பக்கம். வயது என்னைவிட ஐந்தாறு கூட. மண், மாடு, நெல் சம்பந்தமாக எது வந்தாலும் அவர். தோணியின் முன்பக்கம் என்று வந்த நாளில் "அணியம்" என்று நான் தட்டியபோது, இப்படி ஒரு வார்த்தையை இதுவரை கேட்டதே இல்லை என்று மூன்று தரம் தட்டினார்.

சண்டையும் வந்தது. "சிறு பிள்ளைகள் கண்டு பயப்படுவது" என்று ஒரு குறிப்பு, மூன்று கட்டம். அவர் அனுப்பிய ஐந்து இங்கிலீஷ் எழுத்தை நான் பள்ளி என்று எழுதிக்கொண்டேன். மேலிருந்து கீழே வரும் வார்த்தை எதுவும் சேரவில்லை. மறுநாள் பார்த்தால் பல்லி. ஒழுங்காகத் தட்டக் கூடாதா என்றேன். ஒழுங்காகத்தான் தட்டினேன், இங்கிலீஷ்காரனுக்கு ஒரு லகரம்தானே இருக்கிறது என்றார். எழுத்தோடு ஒரு எண்ணையும் தட்டுவது என்று அன்றைக்கே ஏற்பாடு செய்தார்: சின்ன லகரத்துக்கு ஒன்று, பெரிய ளகரத்துக்கு இரண்டு, ழகரத்துக்கு மூன்று. அதற்கப்புறம் தப்பு வரவில்லை.

அப்போது பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ் வழியில் படுத்துவிட்டால் அவருக்குப் பத்திரிகை வராது. அந்த நாட்களில் குறிப்புகள் முழுவதையும் நானே தட்டுவேன். அவர் வெறும் தாளில் கட்டம் வரைந்துகொண்டு நிரப்புவார். நன்றாகப் பேசுவார். கேலியாக, சரளமாக, நிறுத்தாமல். காபி கிளப்பில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அவர் சொன்னது ஞாபகம் வந்து சிரித்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று கேட்டேன். வேலை இருக்கிறது என்றார். அடுத்த மாதம் கேட்டேன், காய்ச்சல் என்றார். மூன்றாம் தடவை சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன். எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

பெரம்பலூரில் இறங்கி டீக்கடையில் சிக்னலர் வீடு எங்கே என்று விசாரித்தேன். "யாரு, அந்தத் திக்குவாய் சாரா? ரெண்டாவது சந்துல மாடி வூடு," என்றார் கடைக்காரர். ஆள் மாறிச் சொல்கிறார் என்று நினைத்தேன். இந்த ஊரில் எத்தனை சிக்னலர் என்று கேட்டேன். ஒருத்தர்தான் என்றார்.

கதவைத் திறந்தவர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். அரியலூரிலிருந்து வருகிறேன் என்றதும் முகம் முழுவதும் மலர்ந்தது. பிறகு உதடு இறுகியது. கழுத்து நரம்பு புடைத்தது. "வா... வா..." என்று அங்கேயே நின்றது.

"வாங்கன்னுதானே? வந்துட்டேன்," என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனேன்.

அவர் பாயை விரித்தார். "சா... சா..." என்றார். "சாப்பாடா? ஆச்சுங்க, கவலைப்படாதீங்க," என்றேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "சாவியா? சாயங்காலமா?" என்றேன். அவர் கண்ணை மூடி மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். இத்தனை மாதமாக நாங்கள் செய்துகொண்டிருந்ததே அதுதானே. இரண்டு எழுத்துத் தெரிந்தால் போதும், மிச்சத்தைச் சொல்லிவிடலாம். ஒரு மணி நேரம் அப்படியே நடந்தது. அவர் ஆரம்பிப்பார், நான் முடிப்பேன். பாதி தடவை தப்பாக முடித்தேன். சரியாக முடித்தபோதும் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

கடைசியில் அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். வெகுநேரம் எடுத்துக்கொண்டார். "நா... நான் புதிர் இல்லைங்க சார்."

அவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டு, "போயிட்டு வரேங்க," என்று எழுந்தேன். சந்து முனை வரை கூட வந்தார்.

திங்கட்கிழமை இரண்டு மணிக்கு அவரைக் கூப்பிட்டேன். தந்தி ஒன்றும் இல்லை என்று ஆபீஸ் குறியீட்டில் பதில் வந்தது, அவ்வளவுதான். செவ்வாயும் அப்படியே. மன்னிக்க வேண்டும் என்று தட்டினேன். கிடைத்தது என்பதற்கு அடையாளமான ஒற்றை எழுத்து மட்டும் வந்தது. வியாபாரத் தந்திகளும் சாவுத் தந்திகளும் அந்த வேகமான சுத்தமான கையில் வழக்கம் போலத் தினமும் வந்தன. அந்தக் கையைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் பத்திரிகையைப் பிரிக்காமல் வைத்திருப்பேன். முன்பு எனக்கு யாரும் இல்லை என்பது வெறும் விஷயம்தான். இப்போது பதினெட்டு மைல் தள்ளி ஒருவர் இருந்துகொண்டே பேசாமல் இருந்தார். அதுதான் தாங்கவில்லை. பொழுது போகாமல் சாயங்காலங்களில் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் பார்த்தேன்.

ஐப்பசி மழையில் கம்பி அறுந்து மூன்று நாள் லைன் செத்துக் கிடந்தது. நாலாம் நாள் சரிசெய்தார்கள். சோதனைக்காக அவர் சில எழுத்துகள் அனுப்பினார். நான் சரி என்றேன். பிறகு, கடல் பொங்கி இறங்குவதற்கு மூன்று கட்டத்தில் என்ன சொல்வீர்கள் என்று வந்தது. "ஓதம்" என்றேன். அவசரத்தில் ஒரு எழுத்தை இரண்டு தரம் தட்டிவிட்டேன்.

மறுபடியும் பேசினோம். ஆனால் பழைய கேலி இல்லை. குறிப்பு, விடை, அத்துடன் சரி. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மாசியில் அவருக்கு வடக்கே மாற்றல் வந்தது. ரயில் ஏற அரியலூருக்கு வந்தார். போஸ்ட்மாஸ்டரிடம் சொல்லிக்கொண்டு நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். டிரங்குப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். வண்டிக்கு அரை மணி இருந்தது. நான் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அவர் சொன்னதைச் சொல்லி முடிக்க அந்த அரை மணியும் ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தாலும் அவர் சொல்லி முடிப்பதற்குள் வாத்தியார் அடுத்த பையனிடம் போய்விடுவாராம். வீட்டில் அண்ணன்தான் இவருக்காகப் பேசுவாராம். பெண் பார்க்கப் போன இடத்திலும் அண்ணனே பேசி, அதுவும் நடக்காமல் போயிற்றாம். தந்திப் பயிற்சியில் சேர்ந்தபோதுதான் முதன்முதலாக எல்லோரையும்விட வேகமாகப் பேசினாராம்.

"லைன்ல ஒருத்தர் அ... அடிக்கிறப்ப, இன்னொருத்தர் கா... காத்துக்கிட்டுத்தான் ஆகணும்," என்றார். "நீங்க நல்லா காத்துக்கிட்டு இ... இருந்தீங்க. அதான் நேர்ல பா... பாக்க வேணாம்னு நெனைச்சேன்."

நான் தலையை மட்டும் அசைத்தேன். வண்டி வந்தது. பெட்டியை ஏற்றிக் கொடுத்தேன். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி நகர்ந்ததும் விட்டார்.

பெரம்பலூருக்குப் புதிதாக வந்தவர் நல்ல மனிதர்தான். குறுக்கெழுத்து போடுவீர்களா என்று கேட்டேன். அதெல்லாம் பழக்கமில்லை சார் என்று தட்டினார். வடக்கேயிருந்து பங்குனியில் ஒரு கார்டு வந்தது. அங்கே நாள் முழுவதும் லைன் ஓயவில்லை, பத்திரிகை பிரிக்கவும் நேரமில்லை என்று எழுதியிருந்தார். பதில் போட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

நான் இன்னும் இரண்டு வருஷம் அரியலூரில் இருந்தேன். கலப்பை, நுகத்தடி என்று ஏதாவது வந்தால் தபால்காரரைக் கேட்டுக்கொண்டேன். அவர் தலையைத் திருப்பாமல் சொல்லிவிடுவார்.