பழைய கேட் மெஷினில் ஓடாத ஹாஷ்

ஹாஷ் எழுதுகிறவனின் வேலை ஓடினால் யாருக்கும் தெரியாது, நின்றால் ஊருக்கே தெரியும். இந்தத் தொழிலில் அடிபட்டவர்கள் தலையாட்டுவீர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் இருந்தபடியே புரோகிராம் எழுதப் பழகினேன். பிறகு கூட்டாளி சேவியரோடு சேர்ந்து முத்தையாபுரத்தில் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு வேலை பார்த்தேன்.

பூட்டு இல்லை

உள்ளே வரும் பெட்டிகளைக் கேட்டில் படம் பிடிப்பார்கள், ஒடுக்கு யாரால் விழுந்தது என்று பிறகு சண்டை வராமலிருக்க. ஒரே படம் திரும்பத் திரும்பச் சேர்ந்து டிஸ்க் நிறைந்தது. படத்தைப் பிழிந்து சின்ன எண்ணாக்கும் ஹாஷ் எழுதினேன். எண் ஒத்துப்போகிற படங்களை மட்டும் ஒப்பிட்டால் போதும். இப்படிப் பிழியும் சிஆர்சி கணக்குக்கென்றே, புது மெஷின்களின் மூளையான செயலியில் ஒரு கட்டளை உண்டு. ஒரு விடை வரும்வரை சும்மா நிற்காமல், மூன்று கணக்கைச் சேர்த்து ஓடவிட்டேன்.

யார்டு முதலாளி பொன்ராஜ் தன் பாஸ்வேர்டையும் அதில் பிழியச் சொன்னார். இது வேகத்துக்குத்தான், திருட்டுக்குத் தாங்காது என்றேன். அவர் கேட்டார்: “பூட்டாத கதவுக்கா அண்ணாச்சி இவ்வளவு வேலை?”

கேட்டில் நின்ற லாரிகள்

என் மெஷினில் பறந்தது. கேட்டில் இருந்ததோ உப்புக்காற்றில் துருவேறிய பழசு. அந்தச் செயலிக்கு என் கட்டளையே தெரியாது. முதல் படத்திலேயே புரோகிராம் செத்தது. லாரிகள் ரோடு வரை நின்றன. சேவியர் வந்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அதே எண்ணை அட்டவணை வைத்து மெதுவாகக் கணக்கிடும் ஹாஷைப் போட்டான். கேட் திறந்தது. டிரைவர்கள் முன்னால் பொன்ராஜிடம் சொன்னான்: “ஊர்ல உள்ள மெஷினெல்லாம் அவன் வீட்டு மெஷின்னு நெனச்சுட்டான், விடுங்க.”

வெறும் தட்டு

அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன். கூட்டத்தில் வைத்துச் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் சொல்வேன். கிறிஸ்மஸுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினான். தட்டைக் கழுவி, ஒரு பிடி சீனிகூட வைக்காமல் வெறுமனே திருப்பி அனுப்பினேன். மறுவாரம் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தவன் கேட்டான்: “ஏலே, தட்டு வந்துட்டு. நீ எப்ப வாரே?”

புது மெஷின்

நான் போகவில்லை. போன மழைக்காலத்தில் சேவியர் இறந்தான். அதற்கும் அவன் தெருமுனை வரைதான் போனேன்.

சென்ற மாதம் கேட்டுக்குப் புது மெஷின் வந்தது. படங்கள் பறக்கின்றன என்று பொன்ராஜ் கூப்பிட்டுக் காட்டினார். புரோகிராமைத் திறந்து பார்த்தேன். சேவியர் என் ஹாஷை அழிக்கவேயில்லை. தொடங்கும்போது அந்தக் கட்டளை தெரியுமா என்று புரோகிராம் செயலியைக் கேட்கிறது. தெரிந்தால் என்னுடையது ஓடும், தெரியாவிட்டால் அவனுடையது. பொன்ராஜ் தலையைச் சொறிந்தார்: “பழச மாத்துங்க, அப்பந்தான் அவன் எழுதினது ஓடும்னு சேவியர் பாக்கும்போதெல்லாம் சொல்லுவாரு, அண்ணாச்சி. நாந்தான் இழுத்துட்டேன்.”

என் ஹாஷ் இப்போது நான் ஆசைப்பட்ட வேகத்தில் ஓடுகிறது. அதில் ஒரு குறையும் இல்லை, குறை சொல்லத் தெரிந்த ஒரே ஆள் இல்லை என்பதைத் தவிர.