காது டீச்சர்

என் அக்கா பேசியதைவிடக் கேட்டதுதான் அதிகம். ஒரு பிள்ளை பேச வந்தால் அதன் உயரத்துக்குக் குனிந்து, வலது காதைத் திருப்பிக்கொண்டு நிற்பாள். அவள் தலைமையாசிரியையாக இருந்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளுக்கு ‘காது டீச்சர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது தெரியாதவள் போலவே கடைசிவரை இருந்தாள். அவள் போன பிறகு துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர், “காது டீச்சர் வீடு இதுதானே?” என்றுதான் கதவைத் தட்டினார்கள்.

பள்ளிக்கூடம் நூல் ஆலையின் பின்பக்கத் தெருவில் இருந்தது. ஆலை வேலைக்கு நாலா திசையிலிருந்தும் ஆட்கள் வந்து குடியேறியிருந்தார்கள். ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உட்காரும் பிள்ளைகள் வீட்டுக்குப் போனால் ஆளுக்கொரு மொழியில் சண்டை போடுவார்கள். பாடப் புத்தகத்தின் மொழியோ பல வீடுகளில் காதில் விழாத மொழி.

வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளை வராந்தா முடிவில் இருந்த அறைக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பெயரே கடைசி அறைதான். அங்கே எழுதியதையே எழுதிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் போன பிள்ளை மறுபடி வகுப்புக்குத் திரும்பியதில்லை. வயது வந்ததும் ஆலை வாசலில் போய் நிற்கும்.

அக்கா பொறுப்பேற்ற வாரம் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண்ணை வாசிக்கச் சொன்னார்கள். ‘ரேடியோ’ என்பது அவளுடைய பட்டப்பெயர். மூச்சு விடாமல் ஒரு பக்கத்தை முடித்தாள். “கதையில என்னம்மா நடந்துச்சு?” என்று அக்கா கேட்டாள். ரேடியோ கொஞ்சம் யோசித்துவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினாள்.

அன்றைக்கு அக்கா தட்டின் முன்னால் உட்கார்ந்து சாப்பாட்டைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

“கடைசி அறையில இருக்கற பிள்ளைக்கும் புரியல, ரேடியோவுக்கும் புரியல. இவளுக்குச் சத்தம் வருது. அவ்வளவுதான்டா வித்தியாசம்.”

“அதுக்கு நீ என்ன பண்ண முடியும்?”

“அந்த அறையை மூடப் போறேன்.”

கல்வி அலுவலகத்தில் மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார். எந்த வெயிலிலும் டை கட்டியிருப்பார். அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டு, “வருஷக் கடைசிப் பரீட்சை வரைக்கும் உங்க இஷ்டம். தேறலைன்னா இன்னொரு அறையையும் சேர்த்துத் திறக்க வேண்டி வரும்” என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கடைசி அறைப் பிள்ளைகளை வகுப்புகளுக்கே அனுப்பினாள். பிறகு ஒரு புது வழக்கம் கொண்டுவந்தாள். ஒரு பக்கத்தை வாசித்த பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டு, அதில் உள்ளதைத் தன் வீட்டு மொழியில் யாருக்காவது சொல்ல வேண்டும். கேட்பதற்கு ஆள் வேண்டுமே. ஷிப்ட் முடிந்து போகும் அம்மா அப்பாக்களை வாசலிலேயே மறித்து உள்ளே கூப்பிட்டாள். வாட்ச்மேனுக்கு மூன்று மொழி தெரியும் என்பதால் அவரும் மாட்டிக்கொண்டார்.

ஆசிரியர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். கணக்கு சார்தான் வாயைத் திறந்தார்.

“டீச்சர், இது பள்ளிக்கூடமா, சந்தையா?”

“சந்தையிலதான் சார் யாரும் அர்த்தம் தெரியாம பேசறதில்ல.”

சில வாரங்களில் எல்லாப் பிள்ளைகளும் கதையை மளமளவென்று சொன்னார்கள். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒருநாள் வாட்ச்மேன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். “டீச்சரம்மா, தப்பா நினைக்காதீங்க. ஆலைக் குடியிருப்புல ஒரே வரிசை வீட்டுல இருக்கற பிள்ளைங்க எல்லாம் ஒரே கதையை ஒரே வார்த்தையில சொல்லுது. இருமற இடத்துலகூட ஒண்ணா இருமுது.”

விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. பள்ளிக்கூடம் என்றால் ஒப்பிப்பது என்றுதான் அந்த வரிசை வீட்டுத் தாய்மார்கள் அறிந்திருந்தார்கள். டீச்சர் கேட்டுவிட்டால் பிள்ளை முழிக்கக் கூடாது. பெரிய வகுப்பில் படிக்கும் ஒருத்தியைப் பிடித்துக் கதையைத் தங்கள் மொழியில் சொல்லவைத்து, பிள்ளைகளை உட்காரவைத்து உருப்போட வைத்திருக்கிறார்கள். கிளிகள் பாஷையை மாற்றிக்கொண்டன, கிளிகளாகவேதான் இருந்தன.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் பாடப் புத்தகக் கதைகளை நிறுத்திவிட்டாள். வாரா வாரம் அவளே ஒரு பக்கம் எழுதினாள். கதை இல்லை, செய்முறை. காகிதத்தில் கப்பல் செய்வது, மூட்டைக்கு அவிழாத முடிச்சுப் போடுவது, இப்படி. பிள்ளை அதை வாசித்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். கேட்பவர் சொன்னபடி கையால் செய்ய வேண்டும். கப்பல் கோணினால் பிள்ளை ஓடிப்போய் மறுபடி வாசிக்கும். உருப்போட அதில் எதுவும் இல்லை.

எழுதிய பக்கத்தை முதலில் என்னிடம்தான் சோதிப்பாள். என் கப்பல்கள் தொப்பி மாதிரி வரும். “உனக்குக் கை வரலைன்னு சொல்ல மாட்டேன். நான் எழுதினது சரியில்லைன்னு வெச்சுக்கறேன்” என்று காகிதத்தைப் பிடுங்கித் திருத்துவாள். கணக்கு சாரும் மெல்ல வழிக்கு வந்தார். அளவுகள் வரும் பக்கங்களை அவரே எழுதித் தர ஆரம்பித்தார்.

பரீட்சை நாளும் வந்தது. மேற்பார்வையாளர் கடிகாரத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு ரேடியோவைக் கூப்பிட்டார். அவள் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். ஓரிடத்தில் பின்னால் போய் மறுபடி வாசித்தாள்.

“போன வருஷம் இதைவிட வேகமா படிச்சாளே?”

“போன வருஷம் புரியல சார். அதான் வேகம்.”

அவர் சிரிக்கவில்லை. அக்கா விடவில்லை. “நீங்களே ஒரு செய்முறை எழுதுங்க சார். நாங்க பார்க்காதது. யாரை வேணும்னாலும் கூப்பிடுங்க.”

அவர் யோசித்து, டை கட்டுவது எப்படி என்று அரைப் பக்கம் எழுதினார். கடைசி அறையிலிருந்து வந்த ஒரு பெண்ணைக் கை காட்டினார். ஆலையில் மூட்டை தூக்குபவரின் மகள் அவள். விரலை வரிமேல் வைத்து, உதடு அசைய வாசித்தாள். தாளைக் கவிழ்த்துவிட்டு, கேட்பவர்களோடு உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போய்த் தங்கள் மொழியில் சொன்னாள். அவருக்கு விரல் ஒவ்வொன்றும் வாழைப்பூ மாதிரி. மேற்பார்வையாளர் கழற்றிக் கொடுத்த டையை அவர் வாட்ச்மேன் கழுத்தில் சுற்றினார்.

“மெதுவாப்பா, நான் பிள்ளைகுட்டிக்காரன்” என்றார் வாட்ச்மேன்.

பாதியில் முடிச்சு நின்றுபோனது. அந்தப் பெண் தாளைத் திருப்பி வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள். அக்காவின் கை நாற்காலியை இறுகப் பிடித்திருந்ததாகக் கணக்கு சார் பிறகு சொன்னார்.

“சார், சுத்தின பிறகு எதுக்குள்ள விடணும்? அது இதுல இல்லையே” என்றாள் அந்தப் பெண், பள்ளிக்கூடத்து மொழியில்.

மேற்பார்வையாளர் எழுந்து வந்தார். டையை வாங்கித் தன் கழுத்தில் கட்டிப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, விட்டுப்போன வரியை எழுதிக் கொடுத்தார். அப்பா முடிச்சை இழுத்து முடித்தார். வாட்ச்மேன் அன்று முழுக்க அதை அவிழ்க்க மனமில்லாமல் இருந்தார்.

அறிக்கையில் ‘வேகம் போதாது’ என்றுதான் மேற்பார்வையாளர் எழுதினார். ஆனால் போகும்போது, “கடைசி அறை இன்னும் ஒரு வருஷம் மூடியே இருக்கட்டும்” என்றார்.

ஒரு வருஷம் போதாது என்பது அக்காவுக்குத் தெரியும். சாயங்காலமே தச்சரைக் கூப்பிட்டு அந்த அறையின் கதவைக் கழற்றச் சொன்னாள்.

“பூட்டு போட்டாப் போதுமே டீச்சர்” என்றார் தச்சர்.

“பூட்டைத் திறந்துடுவாங்க. கதவே இல்லாத அறையில யாரை அடைக்க முடியும்?”

கழற்றிய கதவுக்கு நாலு கால் வைத்து, கேட்பவர்கள் உட்காரும் இடத்தில் மேசையாகப் போடச் சொன்னாள்.

போன வாரம் அவளுடைய பொருள்களை வாங்கி வரப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். ஒரு பிள்ளை சொல்லச் சொல்ல, ஆலைச் சீருடை மாற்றாத ஒரு அம்மா அந்த மேசைமேல் எதையோ மடித்துக்கொண்டிருந்தாள். சாவித் துவாரத்தில் யாரோ பென்சிலைச் செருகி வைத்திருந்தார்கள். வராந்தா முடிவில் கதவு நிலை மட்டும் இருக்கிறது. அதன் வழியாகப் பிள்ளைகள் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.