பால் பல் விழாத குழந்தை

போன வாரம் நாமக்கல்லில் ஒரு கல்லூரிக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். அழைத்துப் போனது என் தோழி மகேஸ்வரி. அவள் மகள் நந்தினி அங்கே விலங்கியல் படிக்கிறாள். ஆதிமனிதர்கள் பற்றிய ஸ்டாலில் விளக்கம் சொல்வது அவள் பொறுப்பு. மகள் நாலு பேர் முன்னால் பேசினால் எந்த அம்மா வீட்டில் இருப்பாள்?

மேஜை மேல் மண்டை ஓடுகள். எல்லாம் அச்சில் வார்த்த நகல்கள்தான். ஒன்று மட்டும் ரொம்பச் சின்னது... உள்ளங்கையில் அடங்கிவிடும்.

நந்தினி அதை எடுத்துக் காட்டினாள். தென்னாப்பிரிக்காவில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் கிடைத்ததாம். இருபது லட்சம் வருஷத்துக்கும் முந்தையது. முகம் குரங்கு மாதிரி. ஆனால் மண்டைக்கு நேர் அடியில், முதுகெலும்பு சேரும் துளை காட்டிக்கொடுத்துவிட்டது — இது இரண்டு காலில் நிமிர்ந்து நடந்த ஜீவன். வயது மூன்று, நான்குதான் இருக்கும். பால் பற்கள் அப்படியே இருக்கின்றன. கண்குழிக்குள் கீறல்கள். கழுகு தூக்கிப் போயிருக்க வேண்டும் என்கிறார்கள்.

கூட்டம் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு அடுத்த ஸ்டாலுக்கு நகர்ந்தது. மகேஸ்வரி நகரவில்லை.

"இதோட அம்மா எலும்பு ஏதாச்சும் கெடச்சுதா சாமி?"

"இல்லீங்ம்மா. இது மட்டுந்தான்."

"தேடியிருப்பாளே..."

நந்தினிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

நந்தினி பிறப்பதற்கு முன்பு மகேஸ்வரிக்கு நாலு வயதில் ஒரு மகன் இருந்தான். பரமத்தி வேலூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது வாய்க்காலில் விழுந்துவிட்டான். வெற்றிலைத் தோட்டங்களுக்கு நடுவே, கரை நெடுக அவன் பேரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடியவள் மகேஸ்வரி. கிடைத்தபோது உயிரில்லை. அதன்பிறகு வீட்டில் அவனைப் பற்றிப் பேச்சே கிடையாது. அண்ணன் ஒருத்தன் இருந்தான் என்பதற்கு மேல் நந்தினிக்கு எதுவும் தெரியாது. கேட்டால் அம்மா உடைந்துவிடுவாளோ என்று பயம்.

மகேஸ்வரி அந்தச் சின்னப் பல்வரிசையை ஒரு விரலால் தொட்டாள்.

"உங்கண்ணனுக்கும் ஒரு பல்லுகூட உழுகலே," என்றாள்.

நந்தினி மண்டை ஓட்டை மெதுவாக மேஜையில் வைத்தாள். பக்கத்தில் இருந்த தோழியிடம் ஸ்டாலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அம்மாவின் கையைப் பிடித்து வராந்தா பெஞ்சுக்கு அழைத்துப் போனாள். ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அண்ணன் எப்புடி இருப்பானுங்ம்மா?"

மகேஸ்வரி சொன்னாள். சுருட்டை முடி. கோழிக்குஞ்சை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவான். சிரித்தால் விக்கல் வந்துவிடும், விக்கல் வந்தால் இன்னும் சிரிப்பான்... அதைச் சொல்லும்போது அவளுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. கண்ணீரும்தான். நந்தினி துடைக்கவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நான் சற்றுத் தள்ளி நின்றேன். ஒரு பல் வயதைச் சொல்கிறது, ஒரு துளை நடையைச் சொல்கிறது. சிரிப்பு எந்த எலும்பில் பதியும்?

அந்தக் குழந்தை எப்படிச் சிரித்தது என்று சொல்ல உலகத்தில் யாருமில்லை. நந்தினியின் அண்ணனுக்கு இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள்.